ஏறி வராதவனின் விளக்கு

சுரங்கத்திலிருந்து ஃபோன் வந்தபோது லோம்பே சந்தையில் காய்ந்த கப்பெண்டா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, உடனே வரவேண்டும் என்றார்கள். அவளுக்கு இது புதிதல்ல. மழைக்காலத்தில் இடி விழுந்தால் அந்தத் தாமிரப் பட்டணத்தில் முதலில் சாவது கரண்டு, அடுத்தது கம்ப்யூட்டர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுரங்கம் என்று எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் போய் மீனை வைத்துவிட்டு, சுரங்கத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு மினிபஸ் ஏறினாள்.

மதியம்தான். ஆனால் வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல இருந்தது. காவலாளி குடைக்குள்ளிருந்தே கையசைத்து உள்ளே விட்டான். ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கூண்டு இறங்கும் கோபுரத்தின் சக்கரங்கள் அசையாமல் நின்றிருந்தன. பகல் நேரத்தில் அவை நின்று அவள் பார்த்ததில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜெனரேட்டரில் எரியும் ஒற்றைக் குழல்விளக்கு. சுவர் முழுக்கத் திரைகள், எல்லாம் இருட்டு. அறைக்குப் பொறுப்பாளரான ஜெரே கதவருகிலேயே நின்றிருந்தார்.

ஜெரே ங்கோனி ஆள். லோம்பே பெம்பா. இரண்டு கூட்டத்துக்கும் காலங்காலமாகக் கேலி உறவு. அவளைப் பார்த்ததும், "வந்துட்டாளா குரங்கு தின்னி" என்பார். "எலிவால் இன்னும் உங்க பல்லுல தொங்குது, தொடைங்க" என்பாள் இவள். கல்யாணமானாலும் சாவானாலும் அந்தக் கேலிக்குத் தடையில்லை. சாவு வீட்டில் பிணத்தையே நக்கலடிக்கலாம், யாரும் கோபிக்கக் கூடாது.

அன்றைக்கு ஜெரே கேலி பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, பா லோம்பே."

அவர் மரியாதையாகப் பெயர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அவர் நின்றபடியே சொன்னார். இடி விழுந்து கம்ப்யூட்டர் போனதோடு அடிமட்டத்துப் பம்புகளும் நின்றுவிட்டன. பழைய காலத்தில் கைப்பிடியை இழுத்தால் பம்பு ஓடும். புது முதலாளிகள் வந்ததும் ஆளைக் குறைக்கக் கைப்பிடிகளைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் பம்பு சுழலும். கூண்டுக்குப் போகும் வழியைத் தண்ணீர் மூடிவிட்டது. கீழே இருந்தவர்கள் ஆபத்து அறைக்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். தண்ணீர் அங்கேயும் வந்துகொண்டிருக்கிறது.

"உங்க தம்பியும் அங்கதான் இருக்கான்" என்றார்.

தம்பி சம்பாவை லோம்பேதான் முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்தாள். அப்பா இதே சுரங்கத்தில் மண்வெட்டியால் தாதுக்கல் அள்ளி, நுரையீரல் கல்லாகிச் செத்தவர். அம்மா அடுத்த மழைக்கே பின்னால் போனாள். மிஞ்சியது தம்பி ஒருவன்தான். பையைத் திறந்து புது டிஸ்க்கை மாட்டினாள், பேக்கப்பைச் செருகினாள், ஏற்றத் தொடங்கினாள். பச்சைக் கோடு திரையில் மெல்ல நீண்டது.

மேசையில் இருந்த சுரங்க ஃபோன் ஆபத்து அறைக்கு மட்டும் பேசும். அது பேட்டரியில் ஓடுவது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்காவா? நீ வந்துட்டியா? அப்பச் சரி" என்றான் சம்பா. தண்ணீர் முழங்காலுக்கு என்றான். சிரிக்கக்கூட முயன்றான். பக்கத்தில் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

பச்சைக் கோடு கடைசிக்கு அருகில் போய் நின்றது.

அனுமதி இல்லை என்றது திரை.

லோம்பேவுக்கு இந்த வியாதி தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு ஃபோல்டரை ஒளித்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாகக் கண்ணில் படாது. தேடிப் பிடித்துத் திறந்தாலும் உள்ளே விடாது. பேக்கப் எடுக்கும்போது அதை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். தப்பித் தவறிக் கூடவே வந்துவிட்டால், திரும்ப ஏற்றும்போது புது டிஸ்க்கில் உள்ள அதே மாதிரி ஃபோல்டரோடு முட்டிக்கொண்டு எல்லா வேலையும் நின்றுபோகும். அவள் எப்போதும் அதை விலக்கித்தான் எடுப்பாள். இதிலும் விலக்கித்தான் வைத்திருந்தாள்.

மறைந்தவற்றைக் காட்டச் சொன்னாள். திரையில் மங்கலாக, பாதி அழித்தது போல, அந்த ஃபோல்டர் தெரிந்தது.

விலக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். கோடு அதே இடத்தில் நின்றது. விலக்கிய ஃபோல்டர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. முன்பிருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே சங்கு ஊத ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் அடுப்பில் இருக்கும் நிஷிமாக் களியை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வருவார்கள். அம்மாவும் அப்படி ஓடியவள்தான்.

ஏதோ வாடை வந்தது. முதலில் அவள் தன் நனைந்த துணி என்று நினைத்தாள். அது இல்லை. ஈரப் பாறையும், வெடிவைத்த பிறகு சுரங்கத்துக்குள் தங்கும் கருகல் புகையும் கலந்த வாடை. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீட்டை நிறைத்த அதே வாடை. அது கீழே இருக்கவேண்டிய வாடை. இந்த அறையில் அதற்கு வேலை இல்லை.

"உங்களுக்கும் அடிக்குதா?" என்றாள்.

ஜெரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதி ஏறிய நிலையில் ஒரு திரை தானாக உயிர்பெற்றது. விளக்கு வரைபடம். கீழே இறங்கும் ஒவ்வொருவன் தலைவிளக்குக்கும் ஓர் எண் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று திரையில் புள்ளியாகத் தெரியும். ஆபத்து அறையில் பச்சைப் புள்ளிகள் ஒட்டி ஒட்டிக் கிடந்தன. அதில் சம்பாவின் எண்ணை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

அதே எண் இன்னொரு இடத்திலும் இருந்தது.

பாறை சரிந்து மூடிப்போன பழைய பாதையில், அடைத்துக் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம், தனியாக ஒரு புள்ளி.

திரை அணைந்தது.

"யாரு அது?" என்றாள் லோம்பே. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஜெரே தொப்பியைக் கழற்றினார். கங்வா என்றார். போன வருடம் அந்தப் பாதையில் பாறை விழுந்து புதைந்தவன். தலையிலிருந்து தெறித்த விளக்கு மட்டும் கிடைத்தது, உடலை எடுக்க முடியவில்லை. கம்பெனி சுவர் வைத்து அடைத்துவிட்டது. வீட்டார் அழுதார்கள், ஆனால் பெயர் ஏற்பு நடத்தச் சம்மதிக்கவில்லை. செத்தவன் பெயரை யாராவது உறவுக்காரர் தண்ணீர் குடித்து, வெள்ளைப் பாசிமணி கட்டி ஏற்க வேண்டும். அப்போதுதான் அவன் ஓய்வான். உடலே வராமல் எப்படி ஏற்பது என்று கேட்டார்கள். கம்பெனிக்கு விளக்கு வேண்டும். எண்ணை அடுத்தவனுக்குக் கொடு என்று மேலிடம் நெருக்கியது. ஆனால் அந்த விளக்கைத் தொட ஒருத்தனும் தயாராக இல்லை. கம்ப்யூட்டரும் விடவில்லை. கீழே இறங்கி மேலே ஏறாத ஆளை அது அழிக்காது. அதன் கணக்கில் கங்வா இன்னும் கீழேதான் வேலையில் இருந்தான்.

"அதனால நான் ஒரு வேல பண்ணேன்" என்றார் ஜெரே. கங்வாவும் பெம்பா; கேலி உறவுக்காரன் என்ற உரிமையில்தான் செய்தார். ஷிஃப்ட் ஆட்களை எல்லாம் இந்த அறைக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, திரைக்கு வெள்ளைப் பாசிமணி மாட்டி, இனிமேல் இந்தப் பயல்தான் கங்வா, சம்பளம் கேக்கமாட்டான், பியர் கேக்கமாட்டான் என்று கத்தினார். கங்வா போன பிறகு அன்றைக்குத்தான் அந்த ஆட்கள் சிரித்தார்கள். சிரித்த வாயோடு அந்த விளக்கை எடுத்து, புதிதாக வந்த சம்பாவின் தலையில் மாட்டிவிட்டார்கள். எல்லாரும் போன பிறகு, ஜெரே கங்வாவின் பதிவை யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, அந்த ஒளிந்த ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டார்.

"சும்மா வெளையாட்டுதானே பா லோம்பே. சாவு வீட்ல நாங்க பண்ற வெளையாட்டு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

லோம்பே அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பயத்துக்கும் நேரமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கல்லை உடைக்கிறவன் கல்லைப் பார்த்துப் பயந்தால் சோறு கிடையாது. மோதுவது எது என்று தெரிந்துவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு பேர். ஒரு பதிவை எடுத்துவிட்டால் மற்றது ஏறும். அவள் கங்வாவின் பதிவை மட்டும் ஒதுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

கோடு நகர்ந்தது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியது.

ஃபோன் அடித்தது.

"அக்கா" என்றான் சம்பா. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "என் வெளக்கு அணைஞ்சிருச்சு. என்னோடது மட்டும்."

"பேட்டரி நனஞ்சிருக்கும்."

"அதில்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல. "மூச்சு முட்டுது. மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் காத்து வரல."

அவள் வேலையை நிறுத்தினாள். விரல் தப்பான பொத்தானில் விழுந்தது, மறுபடி அழுத்தினாள். கோடு பின்னால் போனது. ஃபோனில் சம்பா நீரிலிருந்து தலையைத் தூக்கியவன் போல நீளமாக மூச்சிழுத்தான்.

அவன் விளக்கு வந்துவிட்டது என்றான். தண்ணீர் இடுப்புக்கு மேலே என்றான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லோம்பே ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அது ஃபோனில் இல்லை. மேசைக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கேட்டது.

"அக்கா, இங்க ஒரு ஆள் கூட இருக்கான்" என்றான் சம்பா.

"யாரு?"

"தெரியல. மூலைல தண்ணிக்குள்ளயே உக்காந்திருக்கான். தலைக்கு மேல தண்ணி போகுது. எந்திரிக்க மாட்டேங்கறான்."

வரைபடத் திரை ஒரு கணம் எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த புள்ளியைக் காணோம். ஆபத்து அறையில், சம்பாவின் புள்ளிக்குப் பக்கத்தில், அதே எண்ணில் இன்னொன்று.

ஒரே எண்ணில் இரண்டாவது ஆளைக் கம்ப்யூட்டர் ஏற்காது. ஒன்று மற்றதன்மேல் எழுதப்படும். லோம்பே தொழிலில் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். பேக்கப்பிலிருந்து வரும் பழையது புதியதை மூடிவிடும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்கள் அப்படிப் போயிருக்கின்றன. மனுஷன் போகிறதை அவள் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. அதுவும் தொழிலில் உள்ளதுதான். பூட்டிய ஃபோல்டரை உடைக்கவும் முடியாது, விலக்கவும் முடியாது என்றால், அதை இயந்திரத்திடமிருந்து எடுத்து ஒரு மனுஷன் பெயருக்கு மாற்ற வேண்டும். இது இன்னாருடையது என்று பெயர் போட்டால் அது அடங்கும். உள்ளே இருப்பதைப் பிரித்து அதனதன் இடத்தில் வைக்கலாம். கங்வா சம்பாவின் எண்ணை விட்டு நகர்வான். அவள் அதற்கான பெட்டியைத் திறந்தாள். பெயருக்கான கட்டம் காலியாக மினுக்கியது.

ஜெரே திரையைப் படித்துவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"உங்க பேரப் போடாதீங்க" என்று கிசுகிசுத்தார். "வெளையாட்டுக்குச் செஞ்சதே இப்படி ஆச்சு. நெசமாவே பேர் ஏத்துக்கிட்டா, அவன் வீடு, அவன் பொண்டாட்டி, புள்ள, அவன் பாக்கி வச்ச ஆசை எல்லாம் உங்க தலைல."

"அப்ப உங்க பேரப் போடுங்க. ஆரம்பிச்சு வச்சவர் நீங்கதானே."

ஜெரே பின்னால் நகர்ந்தார். சுவரில் முதுகு தட்டும்வரை நகர்ந்தார். தனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார். நான் ங்கோனி, பெம்பாக்காரன் பெயரை நான் எப்படி ஏற்பது, ஒட்டாது என்றார். கைகளை நெஞ்சில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதையெதையோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் ஃபோனில் தம்பியைக் கூப்பிட்டாள். தண்ணீரின் சளசளப்புக்கு நடுவே யாரோ ஜெபம் சொல்வது கேட்டது. சம்பாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அவன் அழவில்லை. அந்த ஆள் என் கையைப் பிடித்திருக்கிறான், கை ஜில்லென்று இருக்கிறது, என்னை அவன் இடத்தில் உட்காரச் சொல்கிறான் என்றான். பிறகு சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்பது போலக் கேட்டான்.

"உக்காரட்டுமா அக்கா? கால் வலிக்குது."

"உக்காராத."

"கொஞ்ச நேரந்தான்."

"சம்பா, நில்லுடா. நில்லு."

மேசையில் ஜெரே குடித்துவிட்டு வைத்த தண்ணீர்க் கோப்பை இருந்தது. அவள் அதை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். ஏன் குடித்தோம் என்று பிறகு பலமுறை யோசித்தாள். தொண்டை வறண்டிருந்தது என்பதும் உண்மை. தண்ணீரில் தாமிரத்தின் கசப்பு இருந்தது.

கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை.

சொட்டும் சத்தம் நின்றது.

பச்சைக் கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. திரைகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், பம்புகள் சுழலத் தொடங்கியதை அவள் கால்வழியே உணர்ந்தாள். ஜெரே முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஆபத்து அறையில் நானூற்றுப் பன்னிரண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அசைந்துகொண்டிருந்தது.

லோம்பே வரைபடத்தை மேலிருந்து கீழே மறுபடி பார்த்தாள். பாதைகளில் எதுவும் இல்லை. அடைத்த சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. தரைமட்டத்தில், இந்த அறை இருக்கும் இடத்தில், எண் இல்லாத ஒரு புள்ளி நின்றது. அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். புள்ளி கொஞ்சம் நகர்ந்தது.

அவள் திரையை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

தண்ணீர் வடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. கூண்டு மேலே வந்து கதவு திறந்ததும் ஆட்கள் செம்மண் பொம்மைகள் போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள். சம்பா கடைசியாக வந்தான். லோம்பே அவனைக் கட்டிப்பிடித்து அவன் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். உயிருள்ள சூடு. அவளுக்கு அழுகை வந்தது; கத்தி அழுதாள்.

"பக்கத்துல இருந்தவன் எங்கடா?" என்று பிறகுதான் கேட்டாள்.

"கையை விட்டுட்டு எந்திரிச்சுட்டான்" என்றான் சம்பா. "மேல போறேன்னு சொன்னான். சந்தோஷமா சொன்னான் அக்கா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கம்பிக்கதவுக்கு வெளியே பெண்கள் நெருக்கியடித்து நின்று தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையும் கூப்பிடாமல் ஓரத்தில் ஒருத்தி நின்றாள். கறுப்புத் துணியில் தலைக்கட்டு, இடுப்பில் சுற்றிய சாயம்போன சிட்டெங்கேத் துணி. அவளைக் கண்டதும் சம்பா நடையைத் தளர்த்தினான்.

"அது கங்வாவோட வீட்டுக்காரி. சங்கு ஊதுறப்பல்லாம் வந்து நிப்பா. ஒடம்பு வரலைல்ல, அதான்" என்றான் மெதுவாக.

அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி கம்பிகளுக்கு இடையில் நுழைந்து உள்ளே ஓடி வந்தாள். காவலாளி பிடிக்கப் பார்த்தான்; கைக்குள் சிக்கவில்லை. சேற்றில் வெறுங்காலோடு ஆண்களைத் தாண்டினாள், சம்பாவைத் தாண்டினாள், லோம்பேவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

பிள்ளையை இழுக்கத் தாய் ஓடி வந்தாள். லோம்பேவை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. அருகில் வந்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல முழங்காலை மடித்துச் சேற்றில் அமர்ந்து, வீடு திரும்பிய புருஷனுக்குச் செய்வது போலக் குவித்த உள்ளங்கைகளைத் தட்டினாள்.

"ரொம்ப நாளாக்கிட்டீங்க" என்றாள்.

ஆள் மாறிவிட்டது அம்மா, நான் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவள் என்று சொல்லத்தான் லோம்பே வாயைத் திறந்தாள்.

"காலூபா" என்றாள் லோம்பே, சிறுமியைக் குனிந்து பார்த்து. "வெறுங்கால்ல ஈரத்துல நிக்காத. மறுபடி காது வலிக்கும்."

அந்தக் குழந்தையின் பெயரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அதுவரை அவள் கையைப் பிடித்திருந்த சம்பா, ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டான்.